இடியப்ப உரலும் எங்கள் அடுக்கல் கம்பனியும்

மற்றவர்களின் வீட்டை அடுக்கிக் கொடுப்பது என் தொழில். அலுமாரி, குசினி, கடையின் பின்னறை, கந்தோரின் கோப்பறை, எதுவானாலும் வருவேன். வேண்டாததைப் பிரித்துத் தள்ளி, வேண்டியதைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்து, இனி அது அங்கேயே இருக்கும்படி வீட்டாரையும் கொஞ்சம் பழக்கிவிட்டு வருவேன். இதற்கெல்லாம் ஆட்கள் காசு கொடுப்பார்களா என்று அப்பா ஆரம்பத்தில் கேட்டார். கொடுக்கிறார்கள் என்று கண்டதும் எங்களுக்கு 'அடுக்கல் கம்பனி' என்று அவரே பெயர் வைத்தார். கம்பனி என்பது நானும், கலஹாவிலிருந்து பஸ் ஏறி வருகிற என் கூட்டாளியும்தான்.

தொழிலைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் அடுத்த மூச்சில் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள். "அப்ப உங்கட வீடு எவ்வளவு வடிவா இருக்கும்!" நான் சிரித்து வைப்பேன். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் பல வருடங்கள் வியாபாரத்தை ஓட்டினேன். எங்கள் வீட்டுக்குள் ஒரு வாடிக்கையாளரையும் கால் வைக்க விட்டதில்லை.

வீடு கண்டி நகரத்துக்கு மேலே, பேராதனைப் பக்கம் பார்த்த ஒரு சரிவில் இருந்தது. அதில் நல்ல தேக்கு அலுமாரிகள் இரண்டு. இரண்டும் வெறுமை. சீலைகள் பையில், அப்பாவின் உடுப்பு பையில், போர்வைகள் பையில், நல்ல பாத்திரங்கள் சாக்கில். எல்லாப் பைகளும் சுவரோரமாகக் காத்திருந்தன. முதல் தடவை வருகிற எவரும், நாங்கள் அன்று காலைதான் அந்த வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம் என்றோ, அன்று மாலை வெளியேறப் போகிறோம் என்றோ நினைத்திருப்பார்கள். நாங்கள் அங்கே குடிவந்து அப்பாவின் தலைமுடியும் நரைக்கத் தொடங்கியிருந்தது.

எல்லாப் பைகளுக்கும் தலைமையாக ஒரு பை உண்டு. தடித்த காக்கித் துணியில் அம்மா தானே தைத்தது. முன்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆணியில் தொங்கும். வீட்டு உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் சேவைக் கடிதங்கள், எங்கள் பெயர்களைப் பொலிஸில் பதிந்த துண்டு, கொஞ்ச நகை, மாற்று உடுப்பு, எல்லாம் அதற்குள். அதற்குப் 'போற பை' என்று பெயர். வீட்டில் எவரும் அதைத் தொடக்கூடாது, திறக்கக்கூடாது, அதன் முன்னால் குடையை மாட்டக்கூடாது.

இதெல்லாம் எண்பத்து மூன்றில் தமிழரை அடித்து விரட்டிய அந்த ஜூலைக்குப் பிறகு வந்த பழக்கம். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புகளில் இருந்தேன். அப்பா அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம். மத்தியானம் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வேலிப் பக்கமாக வந்து, இப்போதே தன் வீட்டுக்கு வந்துவிடுங்கள், சந்திக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றார். அம்மா கடதாசிகளை எடுக்க அறைக்குள் ஓடினார். அலுமாரி பூட்டியிருந்தது. திறப்பு எங்கே வைத்தோம் என்று ஞாபகம் வரவில்லை. தலையணைக்குக் கீழே, லாச்சிக்குள், சாமிப் படத்துக்குப் பின்னால் எல்லாம் தேடினார். கடைசியில் அவர் வேலியைத் தாண்டியபோது கையில் இருந்தது இடியப்பம் பிழிகிற மர உரல்.

அப்பா தூக்கிவந்தது ரேடியோ, பட்டறி இல்லாமல். நான் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்தோடு வந்து நின்றேன், அதுவும் வெள்ளை பூசி ஈரம் காயாமல். எங்கள் குடும்பம் நெருக்கடிக்கு ஏற்ற குடும்பம் அல்ல என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

பின்னேரம் பொலிஸ்காரர் எங்களை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே வந்திருந்தவர்களைப் பார்த்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வங்கியில் பெரிய பதவியில் இருந்த ஒருவர் கோட்டும் டையும் போட்டு வந்திருந்தார், காலில் செருப்பில்லை. ஒரு அம்மையார் கறிவேப்பிலைக் கன்றைச் சட்டியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் எவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் நம்மிடமும் திருப்பிக் கேட்பார்களே.

திரும்பி வந்தபோது வீடு நின்றது. அலுமாரியை மட்டும் கோடரியால் பிளந்து, உள்ளே இருந்ததையெல்லாம் முற்றத்தில் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். நாங்கள் பிறந்ததற்கும் படித்ததற்கும் அப்பா உத்தியோகம் பார்த்ததற்கும் இருந்த அத்தாட்சியெல்லாம் அந்தச் சாம்பலில் போய்விட்டது. அவற்றுக்குப் பிரதி எடுக்க அப்பா யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அலைந்த அலைச்சலில் அவருடைய பாதி ஆயுள் போனது. அம்மா அந்தச் சாம்பலைக் குச்சியால் வெகுநேரம் கிளறிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு புது அலுமாரிகள் வாங்கினோம். அம்மா ஒரு கைக்குட்டையைக் கூட அவற்றுக்குள் வைக்கவில்லை.

அப்பாவுக்கோ கிண்டல் செய்ய வாழ்நாள் முழுவதற்கும் ஒரு பொருள் கிடைத்துவிட்டது. வீட்டில் இடியப்பம் என்றால் போதும். "உறுதி போனால் என்ன, உரல் தப்பிச்சுது" என்பார். அம்மா தேங்காய்ச் சம்பலை அவர் பக்கம் தள்ளிவைப்பார். பிறகு அந்தப் பழைய மர உரலைக் குசினியில் காணவில்லை. அம்மா தகரத்தில் ஒன்று வாங்கிப் புழங்கத் தொடங்கினார். கிண்டல் தாங்காமல் எறிந்துவிட்டார் போலும் என்று நாங்கள் நினைத்தோம். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தமும் கூட, கிண்டலின் ருசி குறைந்துவிட்டதே என்று.

எனக்கு நகரத்தில் ஒரு வழக்கறிஞரின் கந்தோரில் டைப் அடிக்கிற வேலை கிடைத்தது. அடுத்த மேசையில் கலஹாக்காரி. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, பெற்றோரைக் கெஞ்சி, தினமும் நெரிசலில் பஸ் ஏறி வருகிறவள். நான் ஒன்றைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் மூன்றைச் சொல்லி முடித்திருப்பாள். அந்தக் கந்தோரின் கோப்பறையில் கோப்புகள் கதிரை உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ஐயா ஒரு கோப்பைக் கேட்டால் வழக்குத் தவணையே தள்ளிப்போகும். வேலை மந்தமான ஒரு மாதத்தில், பொழுது போகாமல், நாங்கள் இருவரும் அதை அடுக்கினோம். எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை. ஒவ்வொரு கோப்பும் தன் இடத்தில் போய் நிற்பதைப் பார்க்கும்போது, பல நாள் பசியில் இருந்தவள் சோறு தின்ற மாதிரி இருந்தது. பைகளுக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு ஒரு அலுமாரித் தட்டில் ஒரு பொருள் நிம்மதியாக நிற்பதே பெரிய காட்சி.

பிறகு ஐயாவும் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போக முடிவு செய்தார். போகுமுன் கந்தோரையும் வீட்டையும் ஒழுங்குபடுத்தித் தரும்படி எங்களைக் கேட்டார். அதுதான் எங்கள் முதல் வேலை. அதைப் பார்த்துவிட்டு அவருடைய சிநேகிதர் கூப்பிட்டார், அவர் கனடாவுக்கு. பிறகு அவருடைய மைத்துனர், லண்டனுக்கு. வடக்கில் சண்டை நீள நீள, கண்டித் தமிழர் வீடுகளில் ஒவ்வொன்றாகப் பெட்டி கட்டினார்கள். எதை எடுப்பது, எதைக் கொடுப்பது, எதை விடுவது என்று பிரித்துக் கொடுப்பதற்கு நாங்கள் போனோம். கனடாவுக்கு அம்மிக்கல்லைக் கொண்டுபோயே தீருவேன் என்று நின்ற ஒரு அக்காவை விமானத்தின் நிறைக் கணக்கைச் சொல்லிச் சமாதானப்படுத்த முடியவில்லை. கடைசியில் அவர் குழவியை மட்டும் கைப்பையில் மறைத்துக் கொண்டுபோனார். சோதனைச் சாவடியில் என்ன சொல்லித் தப்பினாரோ தெரியாது.

அம்மாவுக்கு இந்தத் தொழில் பிடிக்கவேயில்லை.

"ஆற்றையோ வீட்டுச் சீலையை மடிச்சு வைக்கிறதுக்கோ உன்னை இங்கிலீசு படிப்பிச்சனாங்கள்?"

"உங்கட சீலையை மடிச்சு வைக்க விட்டாத்தானே அம்மா. அலுமாரி வெறுமையாக் கிடக்குது."

"அது கிடக்கட்டும். அலுமாரிக்குக் கால் இருக்கோ, என்னோட ஓடி வர?"

எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். அம்மா ஒரு நாளாவது அந்தப் பைகளை அவிழ்த்து, இது என் வீடு, நான் இங்கே இருக்கிறேன் என்று உட்கார வேண்டும். ஊரில் உள்ளவர்களின் வீட்டையெல்லாம் அடுக்கிவிட்டு வந்து, சொந்த வீட்டில் பைகளைத் தாண்டித் தாண்டி நடப்பது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அதைவிடத் துக்கமாகவும் இருந்தது.

இதற்கிடையில் கலஹாக்காரி ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கணக்குப் போட்டாள். "அக்கா, நம்ம அடுக்கிக் குடுத்த ஆளுங்க எல்லாருமே போயிட்டாங்க. இங்கயே இருக்கிற ஒருத்தருக்காச்சும் நம்ம வேல செஞ்சிருக்கோமா? எல்லாரும் போய்ட்டா நம்ம யாருக்குக்கா அடுக்குறது?"

அவள் சொன்னது சரி. எங்களைப் பற்றிப் பரிந்துரை சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் பனி பெய்கிற ஊர்களில் இருந்தார்கள். அவள்தான் அலைந்து திரிந்து ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கம்பளையில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி. எங்கேயும் போகிற எண்ணம் இல்லாதவர். கடையில் ஒரு சட்டைத் துணி கேட்டால், அதைத் தேடி எடுப்பதற்குள் வந்தவர் பக்கத்துக் கடையில் வாங்கித் தைத்தே போட்டுக்கொண்டு போய்விடுவார். கடையும், பின்னால் களஞ்சியமும், பிடித்துவிட்டால் அவருடைய தம்பிமாரின் கடைகளும் எங்களுக்கு. இது கிடைத்தால் கம்பனி நிற்கும். கிடைக்காவிட்டால் நான் மறுபடி டைப் அடிக்கப் போக வேண்டியதுதான்.

முதலாளி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "தங்கச்சி, கோவிச்சிக்காதீங்க. மத்தவங்கட ஊட்ட எல்லாம் அடுக்குறீங்க. உங்கட ஊடு எப்பிடி ஈக்குதுன்னு பார்க்காம நான் எப்பிடிக் கடத் தொறப்ப உங்கட கையில தார? ஒரு நாளைக்கி வாரேன், டீ குடிக்க."

நான் ஒரு காரணத்தை யோசித்து முடிப்பதற்குள் கலஹாக்காரி முந்திவிட்டாள். "ஐயோ, தாராளமா வாங்க முதலாளி! வர்ற புதன்கெழமையே வாங்க!"

வெளியே வந்ததும் அவளைத் திட்டினேன். "நீ எங்கட வீட்டைப் பாத்ததே இல்லையே."

"அதனாலதாங்கா தைரியமாச் சொன்னேன்" என்றாள்.

அன்று பின்னேரமே அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சில்லாமல் நின்றாள். எனக்கு அந்த நிலையிலும் அது கொஞ்சம் இனிப்பாக இருந்தது.

அம்மாவிடம் கேட்டேன். முடியாது என்றார். அப்பா கேட்டார். அம்மா பார்த்த பார்வையில் அவர் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். இரண்டு நாள் நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் நான் பழைய கந்தோர்ச் சீலையை எடுத்து இஸ்திரி போடுவதை அம்மா கண்டார்.

"எங்கை போகப் போறாய்?"

"ஒரு கந்தோரில டைப் அடிக்க ஆள் தேடுகினமாம். போய்க் கேப்பம் எண்டு."

இஸ்திரிப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். பிறகு, "ஒரு நாளைக்குத்தான்" என்றார். "அந்த மனிசன் படியிறங்கினதும் எல்லாம் திரும்பப் பைக்குள்ள."

நானும் கலஹாக்காரியும் பாய்ந்து விழுந்து வேலை செய்தோம். எங்களிடம் இருந்த திறமை முழுவதையும் அந்த வீட்டில் இறக்கினோம். சீலைகளை நிறம் நிறமாகத் தொங்கவிட்டோம். பீங்கான்கள் கண்ணாடிக்குப் பின்னால் பளபளத்தன. அப்பாவின் பழைய பேப்பர்க் கட்டுகள் ஒரு திரைக்குப் பின்னால் மறைந்தன. அப்பா தன் மூக்குக் கண்ணாடியைத் தேடி அறை அறையாக நடந்து, "இது ஆற்றை வீடு?" என்று கேட்டார். கேட்டது கிண்டலுக்கு அல்ல. உண்மையில் எங்களில் எவருக்கும் எதுவும் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் பார்ப்பதற்கு அத்தனை வடிவாக இருந்தது.

கடைசியில் ஆணியில் அந்தக் காக்கிப் பை மட்டும் தொங்கியது. முன்கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுகிற பொருள் அதுதான்.

"அதையும் கழட்டு எண்டிறியோ?" என்றார் அம்மா.

"ஒரு நாளைக்குத்தானே அம்மா."

பையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் அறைக்குள் போனார். உதவிக்கு வரட்டுமா என்று கேட்டேன். கதவைச் சாத்தினார். உள்ளே அலுமாரி திறக்கிற சத்தமும், கடதாசி சரசரக்கிற சத்தமும் வெகுநேரம் கேட்டன. வெளியே வந்தபோது கை வெறுமையாக இருந்தது. அவ்வளவு சின்ன ஆளாக அம்மாவை நான் அதற்கு முன் கண்டதில்லை.

புதன்கிழமை முதலாளி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை நாலாபக்கமும் ஓட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அலுமாரியைத் திறந்து காட்டினேன். "மாஷா அல்லாஹ்" என்றார். குசினியைக் காட்டினேன். அதற்கும் ஒரு மாஷா அல்லாஹ். கலஹாக்காரி எனக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு மாஷா அல்லாஹ்வுக்கும் என் முதுகில் ஒரு குத்துக் குத்தினாள். நான் தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. எங்கேயோ நாய்கள் குரைத்தன. நகரத்தில் எங்கே என்ன வெடிக்கும் என்று எவருக்கும் தெரியாத காலம் அது. வெடித்ததற்குப் பிறகு யாருடைய வீட்டுக்கு யார் வருவார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

முதலாளி துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடி, அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். ஒரு கை சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தடவியது. அப்பா ரேடியோவைத் தூக்கிவிட்டார். நான் தேத்தண்ணித் தட்டோடு வட்டமிட்டேன். கலஹாக்காரி மட்டும் ஒன்றையும் தேடவில்லை. அவள் கைப்பை எப்போதும் போலத் தோளில் கிடந்தது.

அம்மா கதவுக்குப் பக்கத்துக்கு ஓடினார். கை நேராக ஆணிக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கை சுவரைத் தடவியது, ஆணியைத் தடவியது, மறுபடி சுவரைத் தடவியது. பிறகு ஞாபகம் வந்து அறைக்குள் ஓடினார். அலுமாரி திறக்கிற சத்தம், சீலைக் கொழுவிகள் விழுகிற சத்தம், ஏதோ பீங்கான் உடைகிற சத்தம். நாங்கள் எல்லோரும் அறை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா வெளியே வந்தார்.

கையில் இடியப்ப உரல். அந்தப் பழைய மர உரல்தான்.

அதே நேரம் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தமிட்டார். கல்லுடைக்கிற இடத்தில் வைத்த வெடி, பயப்படாதீர்கள் என்றார். நேற்றே ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்களாம். அடுக்குகிற மும்முரத்தில் எங்களுக்கு அது கேட்கவில்லை.

அப்பா ரேடியோவைப் பார்த்தார், உரலைப் பார்த்தார். "இந்த முறையும் அதுதானே!" என்று சிரிக்கத் தொடங்கினார். முதலாளி தன் காலில் இருந்த செருப்பைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தேன். அவர் உரலைப் பிடித்தபடி வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ர கை போன இடத்தில பை இல்லை" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்குத் தட்டை மேசையில் வைக்கவும் தெரியவில்லை. முதலாளி இருக்கிறார், வியாபாரம் இருக்கிறது என்பதெல்லாம் மறந்து அழுதுவிட்டேன். அப்பாவின் சிரிப்பும் நின்றுவிட்டது. அவர் போய் அம்மாவின் கையிலிருந்து உரலை வாங்கப் பார்த்தார். அம்மா கொடுக்கவில்லை.

"இதை எறிஞ்சு போட்டீர் எண்டல்லோ நினைச்சனான்" என்றார் அப்பா.

"ஏன் எறியிறன்? பைக்குள்ள அடியில வச்சிருந்தனான்." அம்மாவுக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. "அந்தப் பள்ளிக்கூடத்தில நிவாரண மாவை வச்சுக்கொண்டு முழிச்ச சனத்துக்கு ஆர் இடியப்பம் பிழிஞ்சு குடுத்தது? தட்டு இல்லாமல் வாழையிலையில பிழிஞ்சனான். அந்தச் சனம் தூக்கிக்கொண்டு வந்ததில எது பிரயோசனப்பட்டது, உங்கட ரேடியோவோ? சிரிச்சுச் சிரிச்சு எல்லாரும் திண்டனீங்கள்தானே!"

உண்மைதான். நான் தின்றிருக்கிறேன். வாழையிலை வாசத்தோடு, சீனி தொட்டு, சூடாக. கோட்டுப் போட்ட வங்கி ஐயா இரண்டாம் தடவையும் கை நீட்டியது ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருடக் கிண்டலில் நாங்கள் அந்தப் பகுதியை வசதியாக விட்டுவிட்டோம்.

முதலாளி மெதுவாக வந்து கதிரையில் உட்கார்ந்தார், இன்னும் அப்பாவின் செருப்போடுதான். தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"அக்கா, எங்கட பக்கம் கொழப்பம் வந்த நேரம் நான் எதத் தூக்கிக்கிட்டு ஓடினேன் தெரியுமா? துணி அளக்குற கம்ப. என்ட பொண்டாட்டி ஊறுகாய்ப் போத்தல. இன்னைக்கும் எங்கட ஊட்ல உறுதி எங்க ஈக்குதுன்னு எனக்கும் தெரியாது, அவவுக்கும் தெரியாது." பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, அலுமாரி வடிவாத்தான் ஈக்குது. ஆனா எனக்கு அது வாணாம். கடை ரெண்டாவது. மொதல்ல எங்கட ஊட்டுக்கு வந்து, அக்காட பை மாதிரி ஒண்டு செஞ்சு தாங்கோ."

அடுக்கல் கம்பனி உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்கியது. அதற்கு முன் நாங்கள் கண்ணுக்கு அடுக்கினோம். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை போற பை. ஆபத்தில் இந்த வீட்டாளின் கை எந்தப் பக்கம் போகும் என்று பார்த்து, அங்கே ஓர் ஆணி. அது தொங்கிவிட்டால் ஆட்கள் மூச்சு விட்டு மற்றப் பெட்டிகளைத் திறக்க விடுகிறார்கள் என்பதைக் கண்டோம். வருடக்கணக்காகக் கட்டிவைத்த பீங்கானை எடுத்துப் பாவிக்கத் தொடங்குகிறார்கள். கம்பளையிலிருந்து கலகெதர வரை கடைக்காரர், ஆசிரியர், கந்தோர்க்காரர் என்று கூப்பிட்டார்கள். எல்லோரும் இங்கேயே இருக்கிறவர்கள்.

பைகளைத் தைக்கிற பகுதி அம்மாவினுடையது. யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வாடிக்கையாளரைப் பற்றியும் ஒரு விமர்சனம் இலவசம். "அந்த மனிசி கதைக்கிற கதைக்கு இந்தப் பை காணாது" என்று துணியை இன்னும் ஒரு சாண் கூட்டி வெட்டுவார். ஆற்றையோ வீட்டுச் சீலை என்று என்னைத் திட்டியவர், ஆற்றையோ வீட்டு உறுதிக்கு உள்ளறை வைத்து இரட்டைத் தையல் போட்டார்.

ஆனால் எங்கள் வீடு? முதலாளி படியிறங்கிய அன்று பின்னேரமே எல்லாம் பைக்குள் திரும்பிவிட்டது. பேச்சுப் பேச்சுத்தான் என்றார் அம்மா. பிறகு ஒரு மழைக்காலத்தில் இரண்டு சீலை பூஞ்சணம் பிடித்ததென்று அலுமாரிக்குப் போனது. அடுத்த வருடம் போர்வைகள். ஒவ்வொன்றாக, எங்களுக்குத் தெரியாத மாதிரி நகர்ந்தன. நாங்களும் காணாத மாதிரி இருந்தோம். காக்கிப் பை மட்டும் ஆணியை விட்டு இறங்கவில்லை. அடியில் உரல் இருந்ததால் அதன் பாரத்துக்கு ஆணி ஒரு தடவை சுவரோடு கழன்று விழுந்தது. அப்பா அதைவிடப் பெரிய ஆணி வாங்கிவந்து அடித்தார், கிண்டல் செய்யாமல்.

சண்டை முடிந்த நாளில் நகரம் முழுக்கப் பட்டாசு வெடித்தது. அம்மாவின் சொந்தக்காரர் சிலர் சண்டை நடந்த வடக்கில் இருந்தார்கள். மாதங்களாக ஒரு செய்தியும் இல்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா, நல்ல நாளுக்குச் செய்கிற பாற்சோறு கொண்டுவந்தார். கொண்டுவந்தவரும் அழுதார், வாங்கிய அம்மாவும் அழுதார். பட்டாசு ஓயும்வரை அம்மா கதவடியில் கதிரை போட்டு, பையில் ஒரு கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகும் வெகுகாலம் பை தொங்கியது. சொந்தக்காரரில் சிலர் உயிரோடு இருப்பதாகச் செய்தி வந்தது. மற்றவர்களைப் பற்றி வரவேயில்லை.

ஒரு காலையில் குசினியில் கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம். நீண்ட காலம் கேட்காத சத்தம். எட்டிப் பார்த்தேன். அம்மா மர உரலை நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிழிந்துகொண்டிருந்தார். முற்றத்துக் கொடியில் காக்கிப் பை தோய்த்து, உள்வெளியாகத் திருப்பி, காயப் போட்டுக் கிடந்தது. வெறும் பை. அன்றைக்கே அப்பா ஓடிப்போய் அந்தப் பெரிய ஆணியில் கலண்டரை மாட்டிவிட்டார், அம்மா மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில்.

இடியப்பம் கொஞ்சம் கட்டியாக வந்திருந்தது. உரலுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். மூவரும் சீனி தொட்டுத் தின்றோம். அப்பா இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டு முடிந்ததும் அம்மா உரலைக் கழுவித் துடைத்துச் சுவர்த் தட்டில் வைத்தார். வைத்த இடம், என் தொழில் அறிவுப்படி, அந்தக் குசினியிலேயே மோசமான இடம். தேயிலைப் பேணிக்கு நேர் முன்னால். வேறு எவருடைய வீட்டிலாவது கண்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி வேறிடத்தில் வைத்து, அதற்குக் கூலியும் வாங்கியிருப்பேன். கலஹாக்காரி வந்த அன்று பழக்க தோஷத்தில் அதற்குக் கை நீட்டினாள். அவள் கையில் ஒரு அடி போட்டேன்.

ஒவ்வொரு நாள் காலையிலும் உரலை ஒரு பக்கம் நகர்த்தி, தேயிலைப் பேணியை எடுத்து, உரலைத் திரும்பவும் அதே இடத்தில் வைக்கிறேன்.